தேர்தல் காசுக்கு ஒரு நகரம் எப்படிக் கடிவாளம் போடுது? நியூயார்க், சியாட்டில் வச்சு ஒரு எளிய விளக்கம்

2025ல நியூயார்க் மேயர் தேர்தல் நடந்தப்ப நம்ம ஆளுங்க மத்தியிலயும் அதப் பத்தி நிறையப் பேச்சு ஓடுச்சு, மம்தானி ஜெயிச்சதும் அது இன்னும் ஜாஸ்தியாச்சு. அந்தப் பேச்சுல ரெண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு. ஒண்ணு, "கவர்மென்ட்டே அவருக்குக் கோடிக்கணக்குல காசு கொடுத்துச்சாமே". இன்னொண்ணு, "அமெரிக்கால எலக்‌ஷன் காசுக்குக் கட்டுப்பாடே கிடையாது, பணக்காரன் எவ்ளோ வேணா கொட்டலாம்". ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுது, ஆனா ரெண்டையும் ஒரே ஆளு ஒரே மூச்சுல சொல்றதையும் பாத்தாச்சு. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, நடுவுல இருக்குற விஷயம் தெரியாததாலதான் குழப்பம்.

அந்த நடுவுல இருக்குறது நகரங்களோட சட்டம். வாஷிங்டன்ல பார்லிமென்ட் போடுற சட்டத்தப் பத்தித்தான் எல்லாரும் பேசுறாங்க, ஆனா ஒரு மாநகராட்சி தன்னோட மேயர் தேர்தலுக்கும் கவுன்சிலர் தேர்தலுக்கும் தானே விதி எழுதிக்க முடியும்னு நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப ஆர்வம், ஏன்னா தேர்தல் காசு விஷயத்துல உருப்படியான புது யோசனைங்க பலதும் ஊர் அளவுலதான் மொதல்ல முளைச்சிருக்கு. எதுவுமே தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி அடிப்படைலேருந்து போறேன்.

மொய் நோட்டுலேருந்து ஆரம்பிப்போம்

ஒரு கல்யாண வீட்டை நெனச்சுக்கோங்க. வாசல்ல டேபிள் போட்டு நோட்டு வச்சு ஒருத்தர் உக்காந்திருப்பார், யாரு எந்த ஊரு எவ்ளோ வச்சாங்கன்னு எழுதுவார். நூறு இருநூறு வைக்கிறவங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க, அம்பதாயிரம் வைக்கிற பெரிய மனுஷன் ரெண்டு மூணு பேரு இருப்பாங்க. கல்யாண வீட்டுக்காரருக்கு யாரு முகம் மனசுல நிக்கும்? அந்த ரெண்டு மூணு பேருதான். நாளைக்கு அவரு ஒரு உதவின்னு வாசல்ல வந்து நின்னா முடியாதுன்னு சொல்ல வாய் வராது. யாரும் தப்பு பண்ணணும்னு நெனைக்கலைன்னாலும் அந்த பாரம் அங்க இருக்கும்.

இப்ப அந்தக் கல்யாண வீட்டுக்காரர் இடத்துல வேட்பாளரை வைங்க. மொய்தான் நன்கொடை. அத ஊரு கட்டுப்படுத்தணும்னா என்னென்ன பண்ணலாம்? நோட்டுல எழுதாம ஒரு பைசா வாங்கக்கூடாது, நோட்டை யாரு வேணா பாக்கலாம்னு சொல்லலாம். இதுக்குப் பேரு வெளிப்படுத்தல் விதி. ஒரு ஆளு ஐநூறுக்கு மேல மொய் வைக்கக்கூடாதுன்னு சொல்லலாம், அது நன்கொடை வரம்பு. கல்யாணத்துக்கு மொத்தமே இவ்ளோதான் செலவு பண்ணணும்னு சொல்லலாம், அது செலவு வரம்பு. இல்லேன்னா கொஞ்சம் வித்தியாசமா யோசிச்சு, யாராச்சும் நூறு ரூபா வச்சா ஊர்ப் பொதுப்பணத்துலேருந்து அதுக்கு மேல எட்டு நூறு சேத்துக் குடுத்துடலாம், அப்ப நூறு ரூபாக்காரரும் பெரிய மனுஷனுக்குப் பக்கத்துல உக்கார முடியும். இதுதான் மேட்சிங் ஃபண்ட்.

அஞ்சாவதா ஒரு சிக்கல் வரும். பெரிய மனுஷன் நோட்டுப் பக்கமே வராம, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, தன் சொந்தக் காசுல ஊரு பூரா வாழ்த்து பிளெக்ஸ் வச்சு வெடி போட்டு அமர்க்களப்படுத்துறார்னு வைங்க. இது மொய்யா? நோட்டுல வராது, வரம்புலயும் சிக்காது, ஆனா வீட்டுக்காரருக்கு அதோட அருமை நல்லாவே தெரியும். இதுக்கு நான் வெளிச்செலவுன்னு சொல்றேன், அதாவது வேட்பாளரோட கலந்து பேசாம வேற யாரோ அவருக்காகவோ அவருக்கு எதிராவோ பண்ற செலவு. இப்படிச் செலவு பண்றதுக்குன்னே காசு சேக்குற அமைப்புக்கு சூப்பர் பேக்னு பேரு.

சுருக்கமா இதுவரைக்கும்: வெளிப்படுத்தல், நன்கொடை வரம்பு, செலவு வரம்பு, மேட்சிங் ஃபண்ட், வெளிச்செலவு. இந்த அஞ்சு வார்த்தை மனசுல இருந்தா மீதி எல்லாம் ஈஸி.

நம்ம ஊருக்கும் அங்கயும் தலைகீழ்

நமக்குக் குழப்பம் வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, நம்ம பழக்கம் வேற. இந்தியால வேட்பாளர் பண்ற செலவுக்கு உச்சவரம்பு உண்டு, பெரிய மாநிலங்கள்ல சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம்னு 2022லேருந்து இருக்கு. ஆனா ஒரு தனி மனுஷன் வேட்பாளருக்கு எவ்ளோ நன்கொடை குடுக்கலாம்னு வரம்பு கிடையாது, கட்சி தன் பேர்ல பண்ற பொதுப் பிரச்சாரச் செலவுக்கும் வரம்பு கிடையாது.

அமெரிக்கால நேர் எதிர். அங்க குடுக்குறதுக்கு வரம்பு போடலாம், செலவு பண்றதுக்கு வரம்பு போட முடியாது. இதுக்குக் காரணம் 1976ல வந்த பக்லி எதிர் வலேயோங்கிற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, தேர்தல்ல காசு செலவு பண்றது பேச்சுரிமையோட சேந்தது, விளம்பரம் போடாம நோட்டீஸ் அடிக்காம யாரும் லட்சம் பேர்கிட்ட பேச முடியாது, அதனால செலவை அரசாங்கம் தடுக்கக் கூடாது. ஆனா ஒருத்தர் வேட்பாளர் கையில பெரிய தொகையைக் குடுக்கும்போது ஊழல் வரலாம், ஊழல் நடக்குதுங்கிற சந்தேகமும் வரலாம், அதனால குடுக்குறதுக்கு வரம்பு போடலாம். யாரு குடுத்தாங்கன்னு ஊருக்குச் சொல்லச் சொல்றதும் சரிதான். வேட்பாளர் விருப்பப்பட்டு அரசாங்கக் காசை வாங்கிக்கிட்டா, அதுக்குப் பதிலா செலவு வரம்பை ஏத்துக்கோன்னு நிபந்தனை போடுறதும் சரிதான்.

அந்தக் கடைசி வரிதான் நகரங்களுக்குத் திறந்த கதவு, அத மறந்துடாதீங்க.

அதுக்கப்புறம் 2010ல சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு வந்துச்சு, கம்பெனிகளும் யூனியன்களும் வெளிச்செலவு எவ்ளோ வேணா பண்ணலாம்னு ஆச்சு. அதே வருஷம் இன்னொரு அப்பீல் கோர்ட் தீர்ப்பால சூப்பர் பேக்குக்கு எவ்ளோ வேணா நன்கொடை குடுக்கலாம்னும் ஆச்சு. இங்க நிறையப் பேரு பண்ற தப்பு, சிட்டிசன்ஸ் யுனைட்டட் வந்ததும் நன்கொடை வரம்பு எல்லாம் போயிடுச்சுன்னு நெனைக்கிறது. போகல. வேட்பாளர் கையில நேரா குடுக்குற காசுக்கு வரம்பு இன்னைக்கும் இருக்கு, வெளிச்செலவுக்குத்தான் இல்ல.

ஒரு நகரத்துக்கு இதுல என்ன அதிகாரம்?

மேல சொன்ன கோர்ட் தீர்ப்பெல்லாம் வெளி எல்லை, அத யாரும் தாண்ட முடியாது. அதுக்குள்ள மத்திய சட்டம் பெரும்பாலும் ஜனாதிபதி, காங்கிரஸ் (அதாவது அமெரிக்க பார்லிமென்ட்) தேர்தலுக்குத்தான். கவர்னர், மேயர், கவுன்சிலர், ஸ்கூல் போர்டு மாதிரி தேர்தல் எல்லாம் மாநிலத்தோட சட்டத்துல வரும், மாநிலம் எவ்ளோ இடம் விட்டிருக்கோ அந்த அளவுக்கு நகரம் தன்னோட விதியை எழுதிக்கலாம். சில ஊர்ல நகர சாசனத்துலயே அத எழுதுவாங்க, சாசனம்ங்கிறது ஒரு நகரத்தோட அரசியல் சட்டம் மாதிரி, அத மாத்தணும்னா பெரும்பாலும் மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தணும்.

இதனாலதான் ஊருக்கு ஊரு விதி மாறுது. கலிபோர்னியால ஒரு நகரம் சொந்தமா வரம்பு வைக்கலைன்னா 2021லேருந்து மாநிலத்தோட வரம்பு தானா வந்து ஒட்டிக்கும். ஆரகன் மாநிலத்துல நன்கொடைக்கு வரம்பே இல்லாம இருந்த காலத்துல, அங்க இருக்குற போர்ட்லேண்ட் நகரம் 2018ல மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு வச்சு ஒருத்தர் ஐநூறு டாலருக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு சாசனத்துலயே எழுதிடுச்சு, அதுக்கு 87 சதவீதம் பேரு ஆதரவு. மாநிலம் பண்ணாததை ஒரு ஊரு பண்ணிக் காட்டுச்சு, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச உதாரணம்.

வரம்பை ரொம்பக் கீழ கொண்டு போனாலும் கோர்ட் விடாது. வெர்மான்ட் மாநிலம் சின்னச் சின்னத் தொகையா வரம்பு வச்சப்ப 2006ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, இவ்ளோ கம்மியா இருந்தா புதுசா நிக்கிறவனால பதவியில இருக்குறவனை எதுத்துப் போட்டி போடவே முடியாதுன்னு காரணம் சொல்லுச்சு. யோசிச்சுப் பாத்தா அதுல நியாயம் இருக்கு. கவுன்சிலரா இருக்குறவர் பேரு ஏற்கெனவே ஊருக்குத் தெரியும், புது ஆளு தன் பேரைத் தெரியப்படுத்தவே காசு வேணும்.

சுருக்கமா: வெளி எல்லையைக் கோர்ட் போடுது, உள்ள மாநிலம் ஒரு வேலி போடுது, அதுக்குள்ளதான் நகரம் விளையாட முடியும். செலவைத் தடுக்க முடியாது, ஆனா காசு குடுத்து ஆசை காட்டி வேட்பாளரைத் தானா வரம்புக்குள்ள வர வைக்கலாம்.

நியூயார்க்: ஊழல்ல பொறந்த சட்டம்

1986ல நியூயார்க்ல பெரிய ஊழல் வெடிச்சுது. பார்க்கிங் அபராதம் வசூல் பண்ற வேலையைத் தனியார் கம்பெனிகளுக்குக் குடுத்ததுல லஞ்சம் ஓடுனது வெளிய வந்துச்சு, குயின்ஸ் பகுதியோட தலைவரா இருந்த டொனால்ட் மேனஸ் பேரு உட்பட பெரிய பெரிய பேரு அடிபட்டுச்சு. மேயர் எட் காச் காலம் அது. ஊரே கொதிச்சுப் போயிருந்த அந்த நேரத்துலதான் 1988ல பிரச்சார நிதிச் சட்டம் வந்துச்சு, அந்த நவம்பர்லயே மக்கள் ஓட்டுப் போட்டு அத சாசனத்துலயும் சேத்தாங்க.

சட்டத்தோட சேத்து கேம்பெயின் ஃபைனான்ஸ் போர்டுன்னு தனியா ஒரு வாரியம் அமைச்சாங்க, அதோட மொதல் தலைவரா வந்தவர் ஃபோர்டாம் பல்கலைக்கழகத் தலைவரா இருந்த ஜோசப் ஓஹேர்ங்கிற பாதிரியார். கட்சி ஆளு ஒருத்தரைப் போடாம இப்படி ஒருத்தரைப் போட்டது முக்கியம்னு நெனைக்கிறேன், ஏன்னா இந்த மாதிரி வாரியத்துக்கு எல்லாக் கட்சியும் பயப்படணும், எந்தக் கட்சியும் இது நம்மளுதுன்னு நெனைக்கக் கூடாது.

ஆரம்பத்துல ஒரு டாலருக்கு ஒரு டாலர்தான் நகரம் சேத்துக் குடுத்துச்சு. பிறகு நாலு டாலர் ஆச்சு, 2009 தேர்தல்ல ஆறு ஆச்சு, 2018ல மக்கள் ஓட்டெடுப்புக்கு அப்புறம் எட்டு ஆச்சு. ஒரு தடவை சட்டம் போட்டுட்டு அப்படியே விட்டுடல, ஒவ்வொரு தேர்தல் முடிஞ்சதும் வாரியம் உக்காந்து எங்க ஓட்டைன்னு பாத்து அறிக்கை குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. இந்தப் பழக்கம்தான் இந்தச் சட்டத்தை இத்தனை வருஷம் உயிரோட வச்சிருக்கு.

பத்து டாலர் தொண்ணூறு ஆகுற கணக்கு

இப்ப மேட்சிங் ஃபண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். குயின்ஸ்ல இருக்குற ஒரு டாக்ஸி டிரைவர் தன் ஏரியா கவுன்சிலர் வேட்பாளருக்கு 10 டாலர் குடுக்குறார்னு வைங்க. நகரம் அதுக்கு எட்டு மடங்கு, அதாவது 80 டாலர் குடுக்கும், வேட்பாளர் கைக்கு மொத்தம் 90 வந்து சேரும். கவுன்சிலர் தேர்தல்ல ஒருத்தர் குடுக்குறதுல மொதல் 175 டாலருக்குத்தான் இந்த எட்டு மடங்கு, மேயர் தேர்தல்ல மொதல் 250 டாலருக்கு. அதுக்கு மேல குடுத்தா அந்த உபரிக்கு நகரம் ஒண்ணும் சேக்காது. அப்ப 250 டாலர் மேயர் வேட்பாளருக்குக் குடுத்தா அது 2,250 டாலரா மாறுது, சாதாரண மனுஷன் குடுக்குற காசுக்கு இவ்ளோ எடை.

ஆனா யாரு வேணா போய் வாங்கிட முடியாது. கவுன்சிலருக்கு நிக்கிறவர் தன் தொகுதியிலயே இருக்குற 75 பேர்கிட்டயாச்சும் வாங்கிருக்கணும், தொகை 5,000 டாலராச்சும் சேந்திருக்கணும். மேயருக்கு 1,000 பேரு, 2,50,000 டாலர். இந்த கணக்குல எட்டு மடங்குக்குத் தகுதியான காசு மட்டும்தான் சேரும், நகரத்துல குடியிருக்குற தனி மனுஷங்க குடுத்தது மட்டும்தான் தகுதி. "கவர்மென்ட் காசு குடுத்துச்சு"ன்னு சொல்றவங்க விட்டுடுறது இதத்தான். அரசாங்கம் ஒரு வேட்பாளரைப் பாத்துப் பிடிச்சுப் போய்க் காசு குடுக்கல, மக்கள் மொதல்ல குடுத்தா பின்னாடியே அது வருது. மக்கள் குடுக்கலைன்னா பூஜ்யத்துக்கு எட்டு மடங்கு பூஜ்யம்தான்.

வாங்குனா பதிலுக்கு என்ன செய்யணும்? செலவு வரம்பை ஏத்துக்கணும், மேயர் தேர்தல்னா உள்கட்சித் தேர்தலுக்கு (அதாவது கட்சியோட வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தலுக்கு) சுமார் 80 லட்சம் டாலர் 2025ல. நகரம் தர்ற மொத்தத் தொகைக்கும் ஒரு உச்சி உண்டு. நகரம் நடத்துற விவாத மேடையில கலந்துக்கணும். கணக்கு வழக்கு எல்லாம் காட்டணும், தேர்தல் முடிஞ்சதும் ஆடிட் நடக்கும், மிச்சமான பொதுப்பணத்தைத் திருப்பித் தரணும், கணக்கு உதைச்சா அபராதம். மம்தானி 2025 மார்ச்லயே போதும், வரம்பைத் தொட்டாச்சு, இனிமே எனக்குக் காசு அனுப்பாதீங்க, வந்து வேலை பாருங்கன்னு வெளிப்படையா சொன்னாரு. தேர்தல்ல நிக்கிற ஒருத்தர் காசு வேணாம்னு சொல்றதை நான் அதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதில்ல, அவரைச் சொல்ல வச்சது இந்தச் செலவு வரம்புதான்.

இன்னொரு விதி இருக்கு, எனக்கு இதுதான் மொத்தச் சட்டத்துலயே புத்திசாலித்தனமான இடம். நகரத்தோட கான்ட்ராக்ட் எடுக்குறவங்க, நிலம் சம்பந்தமா நகரத்துகிட்ட அனுமதி கேட்டு நிக்கிறவங்க, லாபி பண்றவங்க (அதாவது அடுத்தவங்களுக்காக அதிகாரத்துல இருக்குறவங்ககிட்ட பேசிக் காரியம் முடிக்கப் பாக்குறவங்க), இவங்க பேரெல்லாம் ஒரு பட்டியல்ல இருக்கும். இவங்க மேயர் வேட்பாளருக்கு 400 டாலருக்கு மேல குடுக்கக் கூடாது, கவுன்சிலருக்கு 250க்கு மேல கூடாது, அதுக்கு நகரம் ஒரு டாலர் கூடச் சேக்காது. கம்பெனி பேர்ல நன்கொடையே வாங்கக் கூடாது. 1986 ஊழல்ல எந்த வழியா பணம் ஓடுச்சோ, அதாவது நகரத்தோட வேலையை எடுக்குறவன் நகரத்தை ஆளுறவனுக்குக் காசு குடுக்குற வழி, அதை அடைக்கிற விதி இது. மத்தவங்களை விட இவங்களுக்கு ஏன் கம்மின்னு கேட்டா, கோர்ட் சொன்ன அதே ஊழல் காரணம் இவங்ககிட்டதான் ரொம்ப நேரடியா பொருந்துது.

சுருக்கமா: சின்னக் காசைப் பெருக்கு, பதிலுக்குச் செலவைக் குறைக்க வை, நகரத்தோட வியாபாரம் பண்றவனைத் தள்ளி நிறுத்து. நியூயார்க் சட்டம் இந்த மூணுதான்.

எட்டு மடங்குன்னா திருட்டுக்கும் எட்டு மடங்கு ஆசை

பொதுப்பணம் வரும்போது ஏமாத்துறதும் வரும். சாதாரணமான வழி பினாமி நன்கொடை. ஒரு பணக்காரர் தன் காசை இருபது பேர் கையில குடுத்து, அவங்க பேர்ல ஆளுக்கு 250 டாலர்னு போட வைப்பார், வரம்பையும் தாண்டுன மாதிரி ஆச்சு, எட்டு மடங்கும் கெடைச்ச மாதிரி ஆச்சு.

2013ல மேயருக்கு நின்ன ஜான் லியூ, அப்ப நகரத்தோட கணக்கு அதிகாரியா இருந்தவர், அவரோட பிரச்சாரத்துல இந்த மாதிரி பினாமி நன்கொடை நடந்துச்சுன்னு ரெண்டு பேருக்குத் தண்டனை ஆச்சு. அவர் மேல வழக்கு எதுவும் இல்ல, ஆனாலும் வாரியம் அவருக்கு வர வேண்டிய சுமார் 35 லட்சம் டாலரைத் தர மாட்டோம்னு சொல்லிடுச்சு. 2024 டிசம்பர்ல பதவியில இருந்த மேயர் எரிக் ஆடம்ஸுக்கே தர மாட்டோம்னு சொல்லுச்சு. அவர் மேல இருந்த ஊழல் வழக்கு பிறகு 2025 ஏப்ரல்ல தள்ளுபடி ஆனது வேற விஷயம், வாரியத்தோட முடிவு தனி. நகரத்தோட மேயருக்கே அந்த நகரத்தோட வாரியம் முடியாதுன்னு சொல்ல முடியுதுன்னா அதுக்கு எவ்ளோ சுதந்திரம் இருக்கணும்னு பாருங்க. இந்தச் சுதந்திரம் இல்லாத ஊர்ல இதே சட்டத்தை அப்படியே காப்பி அடிச்சாலும் வேலைக்கு ஆகாது.

சட்டத்துக்கு வெளிய நிக்கிற காசு

திட்டத்துல சேர்றது வேட்பாளர் விருப்பம், கட்டாயப்படுத்த முடியாது, பக்லி தீர்ப்பு அப்படி. மூணு தடவை மேயரா ஜெயிச்ச கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் மூணு தடவையும் சேரல, முழுக்கத் தன் சொந்தக் காசு. 2009ல மட்டும் 10 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணாரு, அப்படியும் அஞ்சு சதவீதத்துக்கும் கம்மியான வித்தியாசத்துலதான் ஜெயிச்சாரு. தன் காசைத் தானே செலவு பண்றவருக்கு எந்த நகரமும் வரம்பு போட முடியாது.

அடுத்தது வெளிச்செலவு, நம்ம பிளெக்ஸ் வைக்கிற பெரிய மனுஷன். 2025ல மேயருக்கு நின்ன முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோவுக்கு ஆதரவா ஃபிக்ஸ் த சிட்டின்னு ஒரு சூப்பர் பேக் 2 கோடி டாலருக்கு மேல சேத்துச்சு, புளூம்பெர்க் மட்டும் உள்கட்சித் தேர்தல் நேரத்துல 80 லட்சத்துக்கு மேல குடுத்தாரு. ஒரு மனுஷன் குடுத்தது, மேயர் வேட்பாளர் ஒருத்தருக்கு இருந்த மொத்தச் செலவு வரம்பு அளவுக்கு இருக்கு. கட்டுப்பாடே இல்லைன்னு சொல்றவங்க பாக்குறது இதத்தான், அது பொய் இல்ல.

இங்க நகரத்தால பண்ண முடிஞ்சது ரெண்டுதான். ஒண்ணு, யாரு காசு குடுத்தான்னு விளம்பரத்துலயே போட வைக்கலாம், நியூயார்க்ல பெரிய நன்கொடையாளர் பேரை விளம்பரத்துலயே காட்டணும், சான் ஃபிரான்சிஸ்கோலயும் இந்த மாதிரி விதி உண்டு. இன்னொண்ணு, வேட்பாளரும் சூப்பர் பேக்கும் உண்மையிலேயே பேசிக்காம இருக்காங்களான்னு கண்காணிக்கலாம். ஏன்னா பேசி வச்சுப் பண்ணா அது வெளிச்செலவு இல்ல, மொய்தான், அப்ப வரம்பு வந்துடும்.

பேசிக்கிறதுக்கும் ஒரு தந்திரம் கண்டுபிடிச்சிருக்காங்க. வேட்பாளர் தன்னோட வெப்சைட்லயே ஒரு மூலையில, இந்த மாதிரி ஆளுங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரணும்னு எழுதி வச்சுடுவார். யார்கிட்டயும் பேசல, ஊருக்கே தெரியிற மாதிரி எழுதிருக்கார், சூப்பர் பேக் அதப் பாத்து அப்படியே விளம்பரம் எடுக்கும். இதுக்கு ரெட்பாக்ஸிங்னு பேரு, அந்தக் குறிப்பைச் சிவப்புக் கட்டத்துக்குள்ள போடுற வழக்கத்துலேருந்து வந்தது. 2025 மே மாசம் குவோமோ பிரச்சாரமும் அந்த சூப்பர் பேக்கும் இப்படி ஒத்துப் போன மாதிரி தெரியுதுன்னு சொல்லி வாரியம் அவருக்குத் தர வேண்டியதுல 6 லட்சம் டாலருக்கு மேல நிறுத்தி வச்சுது, அவர் தரப்பு தப்பு எதுவும் இல்லன்னு மறுத்துச்சு. வெளிச்செலவை நேரா தடுக்க முடியாத நகரம், தான் குடுக்குற காசைக் கையில பிடிச்சுக்கிட்டு மிரட்ட முடிஞ்சது இதனாலதான். அந்த உள்கட்சித் தேர்தல்ல கடைசியில ஜெயிச்சது மம்தானி.

சியாட்டில்: காசே இல்லாதவன் எப்படி நன்கொடை குடுப்பான்?

மேட்சிங் ஃபண்ட்ல ஒரு குறை இருக்கு. மொதல்ல பத்து டாலராச்சும் கையில இருக்கணும். வாடகைக்கே திண்டாடுறவங்களுக்கு அந்தப் பத்தும் கிடையாது. அந்த இடத்தைத்தான் சியாட்டில் பிடிச்சுது. 2015 நவம்பர்ல மக்களே ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, அதுக்குப் பேரு டெமாக்ரசி வவுச்சர். தகுதியான ஒவ்வொருத்தருக்கும் 25 டாலர் மதிப்புல நாலு வவுச்சர் நகரம் அனுப்பும், மொத்தம் நூறு டாலர். இத கடையில மாத்த முடியாது, திட்டத்துல சேந்த ஏதாச்சும் ஒரு வேட்பாளருக்குத்தான் குடுக்க முடியும், வேட்பாளர் அத நகரத்துகிட்ட குடுத்துக் காசாக்கிக்குவார். இதுக்காக சொத்து வரியில வருஷம் 30 லட்சம் டாலர் ஒதுக்குனாங்க.

குடியுரிமை இல்லாத, ஆனா கிரீன் கார்டு வச்சிருக்குறவங்களுக்கும் இந்த வவுச்சர் உண்டுங்கிறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா தெரியுது. ஓட்டுப் போட முடியாது, ஆனா அந்த ஊர்ல வரி கட்டிப் பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறாங்க, அவங்களும் தனக்கான வேட்பாளரைத் தூக்கிவிட முடியுது. சியாட்டில்ல சாஃப்ட்வேர் வேலை பாக்குற நம்ம தமிழ் ஆளுங்கள்ல கிரீன் கார்டு வாங்குனவங்களுக்கும் இது பொருந்தும், இதத் தெரியாமயே விண்ணப்பம் போடாம விட்டவங்களும் இருப்பாங்க.

இத எதுத்து சொத்து வச்சிருக்குறவங்க கேஸ் போட்டாங்க, என் வரிப்பணத்துல எனக்குப் பிடிக்காத வேட்பாளருக்குக் காசு போறது என் பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு வாதம். 2019ல வாஷிங்டன் மாநில சுப்ரீம் கோர்ட் ஒருமனசா சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. அரசாங்கம் யாருக்கும் ஆதரவு குடுக்கல, யாருக்குன்னு முடிவு பண்றது மக்கள்தானேங்கிறது அதோட அடிப்படை.

அதே 2019ல இன்னொரு பக்கமும் தெரிஞ்சுது. கவுன்சில் தேர்தலுக்கு அமேசான் கம்பெனி, சியாட்டில் வணிகர் சங்கத்தோட அரசியல் குழுவுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் குடுத்துச்சு, நகரம் அம்புட்டு வவுச்சருக்கும் ஒரு வருஷத்துக்கு ஒதுக்குன காசுல பாதி அது. அவங்க தோக்கடிக்க நெனச்சவங்கள்ல முக்கியமான ஆளு, தமிழ்க் குடும்பத்துல புனேயில பொறந்த க்ஷமா சாவந்த், அவரு ஜெயிச்சுட்டாரு. 2020 ஜனவரில கவுன்சில் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கு ஒரு அளவுக்கு மேல இருக்குற கம்பெனிங்க நகரத் தேர்தல்ல காசு போடக்கூடாதுன்னு தடுத்துச்சு. வெளிநாட்டுக்காரங்க அமெரிக்கத் தேர்தல்ல காசு போடக்கூடாதுங்கிற பழைய விதியைப் பிடிச்சுக்கிட்டுப் போட்ட சட்டம் அது.

சுருக்கமா: நியூயார்க் குடுக்குறவன் காசைப் பெருக்குது, சியாட்டில் குடுக்கக் காசையே கையில தருது. ரெண்டும் வெளிச்செலவை நிறுத்தல, அதுக்கு ஈடா நிக்கிற அளவுக்குச் சாதாரண ஜனங்க பக்கம் எடையை ஏத்துது.

இதெல்லாம் வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்குறது?

இங்கதான் ரொம்பக் கவனமா இருக்கணும். 2021 நியூயார்க் தேர்தலுக்கு அப்புறம் 51 கவுன்சிலர்ல 31 பேரு பெண்கள், தெற்காசியர் மொத மொதல்ல உள்ள வந்தாங்க. எட்டு மடங்குதான் காரணம்னு உடனே சொல்லத் தோணும். ஆனா அதே தேர்தல்ல பதவிக்கால வரம்பால நிறைய இடம் காலியா இருந்துச்சு, வரிசைப்படி ஓட்டுப் போடுற புது முறையும் அப்பத்தான் வந்துச்சு. மூணுல எது எவ்ளோ வேலை பாத்துச்சுன்னு பிரிக்காம ஒண்ணுக்கு மாலை போடுறது சரியில்ல.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும்னா, ஒரே மக்கள், ஒரே தெரு, ரெண்டு விதமான விதி, இதை ஒப்பிடணும். 2012ல பிரெனன் சென்டர், கேம்பெயின் ஃபைனான்ஸ் இன்ஸ்டிட்யூட்ங்கிற ரெண்டு ஆய்வு அமைப்பும் சேந்து அப்படி ஒண்ணு பண்ணாங்க. நியூயார்க் நகரத்துல இருக்குறவங்க நகர கவுன்சிலுக்கும் ஓட்டுப் போடுறாங்க, மாநில சட்டசபைக்கும் ஓட்டுப் போடுறாங்க. அப்ப கவுன்சிலுக்கு மேட்சிங் உண்டு, மாநிலத்துக்குக் கிடையாது. நகரத்தைச் சின்னச் சின்ன வட்டாரமா பிரிச்சு எங்கேருந்து சின்ன நன்கொடை வருதுன்னு பாத்தா, 2009 கவுன்சில் தேர்தலுக்கு கிட்டத்தட்ட 90 சதவீத வட்டாரத்துலேருந்து ஒருத்தராச்சும் குடுத்திருக்காங்க, 2010 மாநில சட்டசபைத் தேர்தலுக்குச் சுமார் 30 சதவீதம்தான். அதே ஏழை ஏரியா, அதே மக்கள், விதி மாறுனா வேட்பாளர் அவங்க வீட்டுக் கதவைத் தட்டுறார். இது என்னை ரொம்ப யோசிக்க வச்ச எண்ணு. ஏன்னா காசு இல்லாத இடத்துக்கு வேட்பாளர் போகாததுக்குக் காரணம் அவங்க மேல வெறுப்பு இல்ல, போய் என்ன பிரயோஜனம்ங்கிற கணக்குதான், அந்தக் கணக்கை விதியால மாத்த முடியுது.

சியாட்டில்ல இதே மாதிரி நம்பிக்கையோட பாத்தா, 2017ல மொதல் தடவை வவுச்சரைப் பயன்படுத்துனவங்க சுமார் 4 சதவீதம்தான். கம்மின்னு தோணும். ஆனா அதுக்கு முன்னாடி நகரத் தேர்தலுக்குக் காசு குடுத்தவங்களோட ஒப்பிட்டா நிறைய ஜாஸ்தி, அடுத்து 2019 தேர்தல்ல இன்னும் கூடுச்சு. எதோட ஒப்பிடுறோம்ங்கிறதைச் சொல்லாம ஒரு சதவீதத்தை மட்டும் எடுத்துப் போட்டா அதுல ஒண்ணும் புரியாது. 2025ல சியாட்டில் மக்கள் இந்த வரியை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிச்சிருக்காங்க, வருஷம் 45 லட்சம் டாலரா கூட்டியும் குடுத்திருக்காங்க.

ஒரு ஊரோட சட்டத்தை நீங்களே எடுத்துப் படிக்கணும்னா நான் சொல்றது இதுதான். எவ்ளோ டாலர் வரம்புன்னு மொதல்ல பாக்காதீங்க, யாரு கண்காணிக்கிறாங்க, அவங்களை யாரு நியமிக்கிறாங்க, அவங்களுக்கு ஆள் பலம் இருக்கா, நன்கொடைப் பட்டியல் தேர்தலுக்கு முன்னாடி வெளிய வருதா இல்ல ஆறு மாசம் கழிச்சு வருதான்னு பாருங்க. நியூயார்க் வாரியம் யாரு எவ்ளோ குடுத்தாங்கன்னு யாரு வேணா தேடிப் பாக்குற மாதிரி வெப்சைட்ல போடுது, தெருப் பேர் தெரிஞ்ச நிருபர் ஒருத்தர் அத வச்சே ஒரு பினாமி வலையைக் கண்டுபிடிச்சுடலாம். அப்புறம் பட்ஜெட்டைப் பாருங்க. ஓக்லண்ட் நகரம் 2022ல சியாட்டிலைப் பாத்து அதே நாலு வவுச்சர் திட்டத்தை மக்கள் ஓட்டுல பெரிய ஆதரவோட ஜெயிக்க வச்சுது, சட்டப் புத்தகத்துல எல்லாம் சரியா இருக்கு. ஆனா நகரத்துகிட்ட காசு இல்ல, பட்ஜெட்ல துண்டு விழுந்துச்சு, அதனால 2024 தேர்தலுக்கு அங்க யாருக்கும் ஒரு வவுச்சர் கூடப் போகல.